நாய்க்குட்டிக்குக் கடியாமை பயிற்றல்



பாடசாலை விட்டு வீடு திரும்பும் சிறுவன் ஒருவன், தன் வெள்ளைச் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு படலையைத் திறக்கின்றான். அடுக்களையிலிருந்து தாய் வெளியே வருமுன்னரே சட்டைக்குள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்று எழுகின்றது.

“எங்கேயடா எடுத்தாய்?”

“சந்தியிலே, கடைக்குப் பின்னாலே கிடந்ததம்மா. தாயைக் காணவில்லை. மழை வரப்போகிறது.”

மழை வந்ததோ இல்லையோ, குட்டி அன்றிரவு விறாந்தையிற் சாக்கின்மேல் உறங்குகின்றது. முதல் மூன்று நாளும் அதுவே அவ்வீட்டுக்கு அரசன். நாலாம் நாள் சிறுவனின் விரல்களிற் செங்கோடுகள் தோன்றுகின்றன. ஒரு கிழமை கழியத் தாயின் சேலைக்கரை கிழிகின்றது. முற்றத்தில் ஓடி விளையாடிய சின்னத் தங்கையின் குதிக்காலைக் குட்டி கவ்வி விடுகின்றது. “இது கடிக்கிற சாதி, இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வா” என்று பாட்டனார் தீர்ப்புரைக்கின்றார். மறுநாட் காலை, எடுத்த சந்தியிலேயே குட்டி மறுபடியும் கிடக்கின்றது. முன்பு அது தாயைத் தேடி அழுதது. இப்பொழுது அச்சிறுவனைத் தேடி அழுகின்றது.

இஃது ஓர் ஊரில் மட்டும் நிகழும் கதையன்று. சந்தைப்புறத்திலும் கோயில் வீதியிலும் பாடசாலை மதிலோரத்திலும் விடப்படும் குட்டிகளை நம்முள் யாவரும் கண்டிருக்கின்றோம். அவற்றுள் ஒரு பகுதி வீட்டிற் பிறந்து வேண்டப்படாதவை. மற்றொரு பகுதி வீட்டுக்கு விரும்பிக் கொணரப்பட்டுப் பின்னர் வெறுக்கப்பட்டவை. அவ்வெறுப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது கடியே. அக்கடியோ இயல்பானது, பொறுமையுடன் பயிற்றினால் மாறக்கூடியது. அதனை எவ்வாறு மாற்றுவது என்பதனை விளக்குதலே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நாய்க்குட்டி ஏன் கடிக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். மனிதக் குழந்தை கண்ட பொருளையெல்லாம் கையால் எடுத்துப் பார்க்கின்றது. நாய்க்குட்டிக்குக் கையில்லை. ஒரு பொருள் வன்மையானதா, மென்மையானதா, உண்ணத் தக்கதா, உயிருள்ளதா என்பவற்றையெல்லாம் அது வாயினாலேயே ஆராய வேண்டும். ஆகவே நமது விரலைக் கவ்வும் குட்டி நம்மைப் பகைத்துக் கவ்வுவதில்லை. நம்மை அறிந்துகொள்ளவும் நம்மோடு விளையாடவுமே கவ்வுகின்றது. உடன்பிறந்த குட்டிகளோடு அது ஆடிய ஆட்டமும் இதுவே. காதைக் கவ்வுதல், கழுத்தைப் பற்றுதல், ஓடுவதைத் துரத்துதல் என்னும் இவையே நாய்க்குலத்தின் பிள்ளை விளையாட்டுகள்.

இரண்டாவது காரணம் பல். பிறக்கும்பொழுது நாய்க்குட்டிக்குப் பல் இல்லை. மூன்று கிழமையளவிற் பாற்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. இரண்டு மாதமளவில் 28 பற்களும் நிரம்புகின்றன. ஊசிமுனை போன்ற இப்பற்கள் நான்காம் மாதமளவில் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதங்களில் 42 நிலைப்பற்களுக்கு இடங்கொடுக்கின்றன. இக்காலத்தில் முரசு தினவெடுப்பதால் குட்டி அகப்பட்டதையெல்லாம் மெல்லும். நிலத்தில் அரிசிமணி போன்ற ஒரு சிறு பல் கிடப்பதையோ, மெல்லும் துணியில் இரத்தப் பொட்டு ஒன்று படிந்திருப்பதையோ கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பல் மாறுகின்றது என்பதே அதன் பொருள்.

இங்கே சிந்திக்கத் தக்க செய்தியொன்று உண்டு. குட்டியின் தாடை வலிமையற்றது. பல்லோ மிகக் கூரியது. வலிமையற்ற வாய்க்கு இத்துணைக் கூரிய பல் எதற்கு? பெருங்காயம் செய்ய இயலாத பருவத்திலேயே பிறரை நோகச் செய்து, நோவின் விளைவைக் குட்டி கற்றுக்கொள்வதற்கு இஃது உதவுகின்றது என்பர் நாய்ப் பயிற்சியில் வல்ல மிருக வைத்தியர் சிலர். தாடை வலுப்பெறுமுன் வாயை அடக்கக் கற்ற நாய், வலுப்பெற்ற பின்னும் அடக்கத்தோடு வாழும் என்பது அவர் கருத்து.

இப்பாடத்தின் முதலாசிரியர் நாமல்லேம். தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே. இரு குட்டிகள் புரண்டு விளையாடுவதைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். ஒன்று மற்றொன்றின் காதை வன்மையாகக் கடிக்கின்றது. கடிபட்ட குட்டி கீச்சென்று கத்தி விலகிப் போகின்றது. ஆட்டம் நின்றுவிடுகின்றது. கடித்த குட்டி திகைத்து நிற்கின்றது; பின்னர் மெல்லச் சென்று மீண்டும் அழைக்கின்றது; இம்முறை அதன் கவ்வல் மென்மையாய் இருக்கின்றது. பாலூட்டும் தாயும் அவ்வாறே. மடியிற் பல் பட்டதும் எழுந்து அப்பாற் சென்றுவிடுகின்றது. வன்மையாகக் கடித்தால் விளையாட்டும் இல்லை, பாலும் இல்லை என்னும் நீதியைக் குட்டி இவ்வாறு அனுபவத்தால் உணர்கின்றது.

அமெரிக்க நாட்டின் மேயின் மாநிலத்திலுள்ள பார் ஆபர் என்னும் ஊரில், ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் அறிஞர் இருவர் பல்லாண்டுகளாக நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை ஒரு பெருநூலாக வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையுள்ள காலமே, ஒரு நாய் தன்னினத்தோடும் மனிதரோடும் பழகக் கற்கும் சிறப்புக் காலம் என்பது அவர்கள் காட்டிய உண்மைகளுள் ஒன்று. இதனால் நாம் கொள்ளத் தக்க பாடங்கள் இரண்டு. எட்டுக் கிழமை நிறையுமுன் குட்டியைத் தாயினின்றும் பிரித்தலாகாது என்பது ஒன்று. வீட்டுக்கு வந்த நாள் முதலே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும், “வளர்ந்த பின் பார்ப்போம்” என்று காத்திருத்தலாகாது என்பது மற்றொன்று. சந்தியிற் கண்டெடுத்த குட்டிக்குத் தாயின் பாடம் பாதியிலே நின்றுபோயிருக்கும். எஞ்சிய பாதியை வீட்டிலுள்ளோரே நடத்தி முடித்தல் வேண்டும்.

அப்பாடத்தை எவ்வாறு நடத்துவது? எதிலும் படிமுறை வேண்டும் என்பது ஆசிரியர் அறிந்ததே. கடியாமை என்னும் பாடத்துக்கும் இரண்டு படிகள் உள. கடியின் வன்மையைக் குறைத்தல் முதற்படி. கடித்தலையே நிறுத்துதல் இரண்டாம் படி. “எடுத்த எடுப்பிலே வாயைத் தொடவே விடாமற் செய்தால் என்ன?” என்று சிலர் வினவக்கூடும். நாளை அந்நாய் வளர்ந்து பெரிதாகும். என்றோ ஒரு நாள் அதன் வால் கதவில் அகப்படும். அல்லது இருளில் யாரேனும் அதன் காலை மிதித்துவிடுவர். நோவினால் அது திரும்பிக் கவ்வவுங்கூடும். வாயின் வன்மையை அளந்து அடக்கக் கற்ற நாயாயின் பல்லைப் பட வைப்பதோடு நிறுத்திவிடும். கல்லாத நாயாயின் தசையைக் கிழித்துவிடும். ஆதலின் மென்மை முன்னும், விலக்கு பின்னும் கற்பிக்கப்படுதல் நன்று.

முதற்படியை இவ்வாறு நடத்தலாம். குட்டியோடு நிலத்தில் அமர்ந்து விளையாடுங்கள். மெல்லக் கவ்வும்வரை பொறுத்திருங்கள். நோகும்படி கவ்விய அக்கணமே கையை அசையாது தளரவிட்டு, “ஆ” என்று சுருக்கமாக ஒலி செய்து, விளையாட்டை நிறுத்துங்கள். கையை வெடுக்கென இழுத்தலாகாது. இழுக்கப்படும் பொருளைத் துரத்திப் பிடித்தல் நாயின் பிறவிக்குணம். வாயைக் குட்டி விட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பத்து இருபது விநாடி அதனைப் பாராதிருங்கள். பின்னர் மீண்டும் அமைதியாக விளையாடுங்கள். சில குட்டிகள் “ஆ” என்னும் ஒலியைக் கேட்டு மேலும் எழுச்சி கொள்வதுண்டு. அத்தகைய குட்டிக்கு ஒலி வேண்டா. பேசாது எழுந்து, கதவுக்கு அப்பாலோ தட்டிக்கு அப்பாலோ அரை நிமிடம் நின்று திரும்புதலே போதுமானது.

குட்டியின் கவ்வல் மென்மையுற்ற பின், இரண்டாம் படிக்குச் செல்லலாம். இப்பொழுது பல் தோலிற் பட்டாலே விளையாட்டு நிற்கும் என்பது விதி. உணவும் இங்கு நல்ல துணையாகும். முள் நீக்கிய மீன் துண்டு ஒன்றையோ, பாண் துண்டு ஒன்றையோ கையுள் மூடிக் குட்டியின் முன் நீட்டுங்கள். அது நக்கும், பல்லாற் பிறாண்டும், மூக்கால் இடிக்கும். கை திறவாதிருக்கட்டும். சலித்து அது வாயைப் பின்வாங்கிய அந்நொடியிற் கையைத் திறந்து கொடுங்கள். நாளொன்றுக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் இதனைச் செய்துவரின், மனிதக் கைக்கு முன் வாயை அடக்கியிருப்பதே ஊதியம் தருவது என்று குட்டி தெளிந்துகொள்ளும்.

இம்முறையின் அடிப்படை புதியதன்று. எட்வேட் தோண்டைக் என்னும் உளநூலறிஞர் 1898-ஆம் ஆண்டிலே பூனைகளைக் கூட்டில் அடைத்துச் செய்த சோதனைகளிலிருந்து, நன்மை பயந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும், பயனற்ற செயலைக் கைவிடும் என்னும் நியதியைக் கண்டார். இந்நியதியைக் கொண்டு நம் வீட்டு முற்றத்தை நோக்குவோம். குட்டி கடிக்கின்றது. பிள்ளை கூச்சலிட்டுக் கைகளை உயர்த்திக்கொண்டு ஓடுகின்றது. தாய் அதட்டிக்கொண்டு வருகின்றாள். பாட்டனார் எழுந்து தும்புத்தடியை வீசுகின்றார். வீடு முழுவதும் ஆரவாரம்! குட்டியின் கண்ணுக்கு இஃது எல்லாம் தண்டனையாகத் தோன்றவில்லை. தான் கவ்வியவுடன் எல்லாரும் தன்னோடு விளையாட வந்துவிட்டனர் என்றே தோன்றுகின்றது. கடி அதற்கு ஊதியம் பெற்றுத் தந்துவிட்டது. அவ்வூதியத்தை நிறுத்துவதே நம் வேலை.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்லுதல் வேண்டும். முதலாவது, ஊதியத்தை நிறுத்தியவுடன் கடி குறையாது. சில நாள் கூடவுங் கூடும். வழக்கமாகப் பயன் தந்த செயல் திடீரெனப் பயன் தராதொழியின், விலங்கு அச்செயலை மும்மடங்கு ஊக்கத்தோடு செய்து பார்க்கும். “இம்முறையாற் பயனில்லை” என்று வீட்டார் கைவிடுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். பொறுத்திருப்பின் சில நாளில் அது தணியும். இரண்டாவது, வீட்டிலுள்ளோர் யாவரும் ஒரே விதியைக் கைக்கொள்ளுதல் வேண்டும். தாய் விலக்கியதைத் தமையன் கையால் விளையாட்டுக் காட்டி ஊக்கினால், குட்டி விதியைக் கற்பதில்லை. ஆளுக்கு ஆள் சோதித்துப் பார்க்கவே கற்கின்றது.

இனி அடித்தலைப் பற்றி ஒரு வார்த்தை. இதிற் பிறரைக் குறை சொல்லுமுன் என் பிழையை நான் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் வளர்ந்த குட்டியொன்று என் இளைய மகளின் கையைக் கவ்வும் ஒவ்வொரு தடவையும், சுருட்டிய செய்தித்தாளால் அதன் மூக்கில் அடித்தேன். பத்து நாளிற் கடி நின்றது. வெற்றி கண்டேன் என்று மகிழ்ந்தேன். அதன்பின் ஒருநாள், அயல் வீட்டு முதியவர் ஒருவர் அன்போடு குனிந்து அதன் தலையைத் தடவக் கை நீட்டினார். குட்டி பதுங்கியது, முனகவுமில்லை, உறுமவுமில்லை, அவர் கையைக் கவ்வி இரத்தங் காணச் செய்துவிட்டது. நான் கற்பித்த பாடம் “கடியாதே” என்பதன்று, “மேலேயிருந்து வரும் கையை நம்பாதே” என்பதே என்று அப்பொழுதுதான் விளங்கிற்று. அந்நம்பிக்கையை மீட்பதற்கு, நாள்தோறும் என் கையாலேயே சோறூட்டி இரண்டு மாதம் பாடுபட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு மாணவரோடு பழகிய ஒருவன் இதனை ஒரு நாய்க்குட்டியிடம் கற்க நேர்ந்தது சிறிது வெட்கத்துக்குரியதே.

இஃது என் ஒருவனது அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிருக வைத்தியர்கள் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நடத்தைக் கோளாறுகளுக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர் எம்முறைகளைக் கையாண்டனர், அவற்றுக்கு நாய்கள் எவ்வாறு எதிர்வினை காட்டின என்று கேட்டறிந்தனர். அடித்தல், உதைத்தல், முறைத்து நோக்குதல், மல்லாத்தி நிலத்தோடு அமுக்குதல் போன்ற செயல்களுக்கு ஆளான நாய்களிற் காற்பங்கேனும் சினந்து எதிர்த்தன என்று அவ்வாய்வு கூறுகின்றது. ஆகவே மூக்கில் அடித்தல், தாடையை இறுக்கிப் பிடித்தல், கையில் மிளகாய்த்தூள் பூசிக் கவ்வ விடுதல் ஆகிய இவையெல்லாம் விலக்கத் தக்கன. தலைவன் எறிந்த வேல் உடம்பிற் பதிந்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயின் பெருமையை நாலடியார் எடுத்துக் காட்டுகின்றது. அப்பெருமை நாயினுடையது, வேலெறிந்தவனுக்கு அதிற் பங்கில்லை.

விலக்குதல் மட்டும் போதாது; மாற்றுப் பொருள் கொடுத்தலும் வேண்டும். மெல்லாதே என்றால் குட்டி எதை மெல்லும்? பழந்துணியொன்றை முறுக்கி, முடிந்து, நீரில் நனைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால், தினவெடுக்கும் முரசுக்கு அது பேராறுதல். குளிர்ந்த கரட் கிழங்கும் நன்று. விற்பனைக்குள்ள வலிய இறப்பர் பொம்மைகளுள், விழுங்க இயலாத அளவுடையதைத் தெரிந்து கொடுக்கலாம். பழஞ்செருப்பைக் கொடுத்தலாகாது, பழஞ்செருப்பு எது, புதுச்செருப்பு எது என்று குட்டி அறியாது. சமைத்த கோழியெலும்பு பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். தேங்காய்த் தும்பும் கயிறும் வயிற்றினுட் சென்று குடலை அடைக்கவுங் கூடும். விரலைக் கவ்வ வரும்பொழுது துணியை முன்னே நீட்டி, அதனைக் கவ்வியவுடன் “நல்லது” என்று பாராட்டுங்கள். கையும் காலும் விளையாட்டுப் பொருளல்ல, துணியே விளையாட்டுப் பொருள் என்னும் வேறுபாடு இவ்வாறு தெளிவாகும்.

மாலைப்பொழுதில் ஆறுமணி ஏழுமணியளவிற் குட்டிக்குப் பித்துப் பிடித்தது போன்ற ஓர் ஆவேசம் வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். சுற்றிச் சுற்றி ஓடும், எதிர்ப்பட்டதைக் கவ்வும், எவ்விதியும் அதற்கு நினைவிராது. இதற்குப் பெரும்பாலும் காரணம் களைப்பு. இளங்குட்டிக்கு நாளொன்றிற் 18 மணி நேரமளவு உறக்கம் வேண்டும். பிள்ளைகள் பகல் முழுவதும் தூக்கித் திரிந்தால் அவ்வுறக்கம் கிட்டுவதில்லை. உறக்கங் கெட்ட குழந்தை அழுவது போல, உறக்கங் கெட்ட குட்டி கடிக்கின்றது. அவ்வேளை பாடம் நடத்தும் வேளையன்று. அமைதியான மூலையிற் சாக்கை விரித்து அதனை உறங்க விடுதலே மருந்து. இதற்கு மறுதலையாக, நாள் முழுவதும் வளவின் மூலையிற் சங்கிலியாற் கட்டிவைக்கப்பட்ட குட்டியும் கடிக்கும். அதன் வலிமை முழுவதும் தேங்கி நிற்கின்றது. மனிதரோடு பழகும் பருவமும் வீணே கழிகின்றது. இரவிற் கட்டுதல் வேண்டுமாயினும், பகலிற் பலமுறை அவிழ்த்துப் பழக விடுதல் வேண்டும்.

வீட்டிற் சிறு பிள்ளைகள் இருப்பின் அவர்களுக்கும் பாடம் உண்டு. குட்டி பாய்ந்து வரும்பொழுது ஓடலாகாது, கத்தலாகாது. மரம்போல அசையாது நின்று, கைகளை மார்பிற் கட்டிக்கொள்ளல் வேண்டும். அசையாத மரத்தோடு எந்தக் குட்டியும் நெடுநேரம் விளையாடாது. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தீண்டலாகாது. வாலையும் காதையும் பற்றி இழுத்தலாகாது. இளம் பிள்ளையையும் குட்டியையும் பெரியோர் காவலின்றித் தனியே விடுதல் எக்காலத்தும் தகாது. பிள்ளையின் முகமும் குட்டியின் வாயும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் உள்ளன என்பதை மறவாதிருப்போமாக.

விளையாட்டுக் கடிக்கும் சினக்கடிக்கும் வேறுபாடு உண்டு. விளையாடும் குட்டியின் உடல் தளர்ந்து குழையும். முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அழைக்கும். சினங்கொண்டதன் உடல் கட்டையாய் விறைக்கும், உதடு மேலே சுருங்கும், கண் நிலைகுத்தும், உணவுக் கோப்பையின்மேற் கவிந்து நின்று உறுமும். உறுமுதலுக்காக அதனை அடித்தலாகாது. உறுமல் என்பது “அணுகாதே” என்று அது தரும் முன்னறிவிப்பு. முன்னறிவிப்பை அடித்து நிறுத்தினால், அறிவியாது கடிக்கும் நாயே மிஞ்சும். கோப்பையைப் பறிப்பதற்குப் பதிலாக, அணுகும்போதெல்லாம் மேலும் ஒரு நல்ல துண்டை இட்டு வாருங்கள்; மனிதர் வருவது இழப்புக்கன்று, பேற்றுக்கே என்று அது உணரும். அவ்வாறு செய்தும் சினம் தணியாதாயின், மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். உடல்நோவும் சினத்துக்குக் காரணமாவதுண்டு.

நேயர்களே, கடியைப் பற்றிப் பேசிவிட்டு விசர்நாய் நோயைப் பற்றிச் சொல்லாது விடுதல் பெருங்குற்றமாகும். இலங்கையில் இந்நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1893-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இதனால் மாண்டனர். தடுப்பூசி இயக்கங்களால் அத்தொகை பல மடங்கு குறைந்துள்ளது. எனினும் நோய் முற்றாக ஒழிந்தபாடில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நோய்க்குறி வெளிப்பட்ட பின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. வெளிப்படுமுன் தக்க சிகிச்சை பெறின் உயிரிழப்பைத் தடுக்கலாம். லூயி பாஸ்ரர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885-ஆம் ஆண்டு யூலை 6-ஆந் திகதி, விசர்நாயாற் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்து அவனைக் காத்தார். அவர் மறைந்த செப்ரெம்பர் 28-ஆந் திகதி உலக விசர்நாய் நோய்த் தடுப்பு நாளாகக் கொள்ளப்பட்டு வருகின்றது.

“சின்னக் குட்டிதானே, அதற்கு ஏது விசர்?” என்று எண்ணுதல் உயிருக்கு ஆபத்தான எண்ணம். நோயுற்ற நாய் தீண்டிய குட்டிக்கும் இந்நோய் வரும். தெருவில் எடுத்த குட்டியோ, ஊசி ஏற்றப்படாத நாயோ கடித்தாலும், நகத்தாற் கீறினாலும், புண்பட்ட இடத்தை நக்கினாலும், அவ்விடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் குறையாமற் கழுவுதல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் ஒன்றும் பூசலாகாது. கழுவிய பின் தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடியின் சிறுமை பெருமையை அளந்து ஊசி வேண்டுமா என்று தீர்மானிப்பது வைத்தியரின் கடமை. நம் கடமை செல்லுதலே. பிள்ளைகள் அடிக்கு அஞ்சிக் கடியை மறைப்பதுண்டு. “நாய் கடித்தால் உடனே வந்து சொல், உன்னை ஏசமாட்டேன்” என்று பெற்றோர் முன்னரே சொல்லி வைத்தல், எந்த மருந்துக்கும் குறைந்ததன்று. குட்டி வீட்டுக்கு வந்தவுடன் முதலூசி எப்போது, அடுத்தது எப்போது என்று மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறிந்து, அதன்பின் ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவித்தல் வேண்டும்.

இவ்வளவுக்கும் எத்துணைக் காலம் வேண்டும்? வீட்டார் ஒருமனப்பட்டு நடந்தால், சில கிழமைகளிற் கடியின் வன்மை குறையும். நிலைப்பற்கள் நிரம்பும் ஆறேழு மாதமளவில் வழக்கமே பெரும்பாலும் மறையும். நாயின் வாழ்நாள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அத்தனை ஆண்டு நம் வாயிலைக் காத்து, பிள்ளைகளோடு வளர்ந்து, முதுமையில் நம் காலடியிற் படுத்துக் கண்மூடப்போகும் ஓருயிருக்காகத் தொடக்கத்திற் சில மாதம் பொறுமை காட்டுதல் பெரிய விலையன்று.

ஆதலால், இன்று மாலை உங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒரு சிறுவன் சட்டைக்குள் எதையோ ஒளித்து வருவானாயின், முதலில் அவன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் சொல்லுங்கள். கீறலோ கடியோ உண்டா என்று பாருங்கள். பின்னர் வீட்டார் எல்லாரும் கூடியிருந்து, இக்குட்டியை வளர்க்க நமக்கு இயலுமா என்று உண்மையாகப் பேசித் தீர்மானியுங்கள். இயலாதாயின், வளர்க்கக்கூடிய ஒருவரை அன்றே தேடுங்கள். இயலுமாயின், பழந்துணியொன்றை முறுக்கி முடிந்து நீரில் நனைத்து அச்சிறுவன் கையிற் கொடுங்கள். முதற் பாடத்தை அவனே தொடங்கட்டும்.